உச்சி இரவில் மறைக்கக் கூடாதது

கிளிமஞ்சாரோ ஏற நாள் குறித்துவிட்ட குழுக்களுக்கு,

விமானச் சீட்டு எடுத்தாயிற்று. புது பூட்ஸைத் தெருவில் போட்டு நடந்து பழக்கியாயிற்று. வாட்ஸ்ஆப் குழுவுக்கு மலையின் படத்தையும் வைத்தாயிற்று. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இப்படிக் கிளம்பும் குழுக்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் பஞ்சமில்லை. எந்த ஜாக்கெட், எந்தக் கைத்தடி, பையில் எத்தனை சாக்லேட் என்பதை எல்லாம் அவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்த மடல் ஒரே ஒரு விஷயத்துக்காக எழுதப்படுகிறது. உச்சிக்குப் போகும் இரவில் வழிகாட்டி உங்களிடம், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். அப்போது உண்மையைச் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு மடல் வேண்டுமா என்று தோன்றலாம். அந்த இரவு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

மச்சாமே, லெமோஷோ வழிகளில் வருபவர்கள் கடைசியாகக் கூடாரம் போடும் இடம் பராஃபு முகாம். உயரம் 4,673 மீட்டர். பாறையும் சரளையும் தவிர அங்கே ஒன்றுமில்லை, தண்ணீர்கூடக் கிடையாது. கடைசி நீர்நிலை கீழே கரங்கா பள்ளத்தாக்கில் இருக்கிறது. முகாமில் குடிக்கும் ஒவ்வொரு கோப்பைத் தேநீருக்கும் அங்கிருந்து ஒரு சுமைத் தொழிலாளி தண்ணீர் சுமந்து வந்திருக்கிறார். பிற்பகலில் வந்து சேருபவர்கள் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார்கள். தூக்கம் வருவதில்லை. இரவு பதினொன்றுக்கு எழுப்பி, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, நள்ளிரவை ஒட்டி நடக்க விடுகிறார்கள். நெற்றி விளக்கு காட்டும் வட்டத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். ஒரு காலடிக்கு ஒரு மூச்சு. ‘போலே போலே’ என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே வருவார். மெதுவாக, மெதுவாக என்கிறார்.

இரவில் புறப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. எரிமலைச் சாம்பலும் சரளையும் கலந்த அந்தச் சரிவு இரவில் உறைந்து கெட்டியாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். மேகமும் பெரும்பாலும் பகல் ஏறஏறத்தான் சூழும். அன்றே வெகுதூரம் கீழே இறங்கியும் ஆக வேண்டும். அதனால் உடம்பு மிகவும் சோர்ந்திருக்கும் நேரத்தில், மிகக் கடுமையான குளிரில், மிகச் செங்குத்தான பகுதியை ஏற வேண்டியிருக்கிறது. மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி வரை போகலாம். தண்ணீர்ப் பையிலிருந்து வாய்க்கு வரும் குழாய்தான் முதலில் உறையும். பாட்டிலைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் ஐஸ் அடிப்பக்கம் படியும், மூடிப்பக்கம் திறந்து குடிக்கலாம். போன் பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வைக்க வேண்டும், வெளியே இருந்தால் குளிரிலேயே தீர்ந்துவிடும்.

இதெல்லாம் தாங்கக்கூடியவை. நல்ல கையுறையும் பொறுமையும் இருந்தால் போதும். தாங்க முடியாதது வேறு.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெரினாவிலும் கிளிமஞ்சாரோ உச்சியிலும் ஒன்றேதான்: 21 சதவீதம். மாறுவது காற்றின் அழுத்தம். 5,895 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு சும்மா இருப்பதில்லை. மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் அமில, காரச் சமநிலை மாறுகிறது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு சிறுநீரகத்தினுடையது. அதற்கு நாட்கள் வேண்டும்; மணிக்கணக்கில் நடக்கிற வேலை அல்ல. பலரும் போட்டுக்கொள்ளும் டயமாக்ஸ் மாத்திரை, அதாவது அசிட்டசோலமைடு, சிறுநீரகத்தின் இந்த வேலைக்குத்தான் கைகொடுக்கிறது. விரல் நுனி மதமதப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அதனால்தான். மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

இனி நாட்களின் கணக்குக்கு வருவோம். மராங்கு வழியின் ஐந்து நாள் திட்டத்தைப் பாருங்கள். வாசல் 1,860 மீட்டரில் இருக்கிறது. முதல் இரவு மந்தாரா குடிலில், ஏறத்தாழ 2,700. இரண்டாம் இரவு ஹொரொம்போவில், 3,700. மூன்றாம் நாள் கிபோ குடில், 4,700. அன்று நள்ளிரவே உச்சிக்குப் புறப்பாடு. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். முதல் நாள் இரவுப் படுக்கையே அந்த உயரத்துக்குப் போய்விடுகிறது. வெள்ளியங்கிரியும் பர்வதமலையும் ஏறிப் பயிற்சி எடுப்பது கால்களுக்கு நல்லது. ஆனால் உயரத்துக்கு உடம்பைப் பழக்க நம் பக்கத்தில் இடமே இல்லை. மலை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் விதியோ வேறு: 3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்ந்திரு. ஐந்து நாள் திட்டம் அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஏற்றுகிறது.

இந்த அவசரத்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது. பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் வசூலிக்கப்படுவதால், ஒரு நாளைக் குறைத்தால் மொத்தச் செலவும் நன்றாகக் குறையும். விலைப் பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் அந்த ஒரு நாளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். ஜாக்கெட்டில் மிச்சம் பிடியுங்கள், அதை மலையடிவார ஊரான மோஷியில் வாடகைக்கே எடுக்கலாம். நாளில் மட்டும் பிடிக்காதீர்கள். மச்சாமே வழியில் ஒரு பகல் 4,600 மீட்டரில் உள்ள லாவா கோபுரம் வரை ஏற்றி, இரவு தூங்க 3,960 அளவிலுள்ள பரான்கோவுக்கு இறக்குகிறார்கள். உடம்புக்கு உயரத்தை அறிமுகப்படுத்திவிட்டு, அதைச் சீரணிக்க நேரம் கொடுக்கும் ஏற்பாடு அது. ஏழு, எட்டு நாள் திட்டங்களில் உச்சியைத் தொடுபவர்களின் விகிதம் கூடுதலாக இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

உடல் வலிமை இந்தக் கணக்கை மாற்றாது. டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவரத்திலோவாவை எல்லோருக்கும் தெரியும். ஒற்றையர் பிரிவில் மட்டும் 18 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்றவர், வாழ்நாள் முழுவதும் உடலைப் பேணியவர். 2010 டிசம்பரில், 54 வயதில், ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டக் கிளிமஞ்சாரோ ஏறினார். ஏறத்தாழ 4,500 மீட்டரில் நுரையீரலில் நீர் கோத்தது. அவரைக் கீழே இறக்கி நைரோபி மருத்துவமனையில் சேர்த்தார்கள், பிழைத்தார். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் நம் குழுவில் இருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கும் குழுக்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஓடப் பழகியவர் வேகமாக ஏறுவார். வேகமாக ஏறுபவருக்கே உயர நோய் வர வாய்ப்பு அதிகம்.

இப்போது மடலின் மையத்துக்கு வரலாம். உயர நோயைக் கண்டுபிடிக்க மலையில் கருவி எதுவும் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உண்டு, நல்ல நிறுவனங்களின் வழிகாட்டிகள் காலையும் மாலையும் அதை மாட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரே எண் காட்டும் இருவரில் ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், இன்னொருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். விரல் குளிர்ந்திருந்தால் எண்ணே தப்பாக வரும். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது லேக் லூயிஸ் மதிப்பெண் முறை. 2018இல் அதைத் திருத்தினார்கள். அதில் நான்கே விஷயங்கள்: தலைவலி, வயிற்றுக் கோளாறு, சோர்வு, தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போடுவது நோயாளியேதான். தலைவலி இருந்து, கூட்டுத்தொகை மூன்றைத் தொட்டால் அது உயர நோய். இந்த முறை முழுவதும் நடக்கிறவரின் வாய்ச் சொல்லின் மேல் நிற்கிறது. அவர் பொய் சொன்னால் மருத்துவமே பொய்யாகிவிடுகிறது.

பொய் சொல்கிறார்கள். கெட்டவர்கள் என்பதால் அல்ல. லட்சக்கணக்கில் செலவு செய்து, மேலாளரிடம் கெஞ்சி விடுப்பு வாங்கி வந்திருக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் போட்டோவுக்குக் காத்திருக்கிறார்கள். தன்னால் குழு நின்றுவிடக் கூடாது என்ற கூச்சமும் உண்டு, அது நல்ல மனிதர்களுக்கே அதிகம். உச்சியின் பனியைக் கரைவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பும் சிலருக்கு. அந்தத் தவிப்பில் நியாயம் இருக்கிறது: 1912இல் அங்கே இருந்த பனிப்பரப்பில் 85 சதவீதம் 2007க்குள் மறைந்துவிட்டது என்று பனிப்பாறை ஆய்வாளர் லோனி தாம்சன் குழுவினர் கணக்கிட்டார்கள். இத்தனையும் சேர்ந்து அழுத்தும்போது, பராஃபு கூடாரத்தில் மாலை ஆறு மணிக்கு வழிகாட்டி கேட்கும் கேள்விக்கு ஒருவர், லேசாகத்தான் இருக்கிறது என்கிறார். பிறகு யாரும் பார்க்காதபோது இரண்டு வலி மாத்திரைகளை விழுங்கிக்கொள்கிறார்.

லேசான தலைவலி மலையில் மிகப் பலருக்கு வரும். அதைச் சொல்வதாலேயே யாரும் உங்களைத் திருப்பி அனுப்பிவிட மாட்டார்கள். கவனித்துக்கொள்வார்கள், தண்ணீர் குடிக்க வைப்பார்கள், நடையின் வேகத்தைக் குறைப்பார்கள். அது கூடிக்கொண்டே போகிறதா, வாந்தியோடு சேருகிறதா என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய தகவல். நீங்கள் தொடக்கத்தை மறைத்துவிட்டால், கூடுகிறதா என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கூடினால் இரண்டு விதமாக முற்றும். மூளை வீங்குவது ஒன்று. நேர்கோட்டில் குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவார், கையுறையை மாட்டத் தெரியாமல் திகைப்பார், காரணமில்லாமல் சண்டைக்கு வருவார், அல்லது கலகலப்பான மனிதர் வாய் மூடிப்போவார். நுரையீரலில் நீர் கோப்பது மற்றொன்று. உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமல் வரும், முற்றிவிட்டால் மார்பில் கொதிப்பது போன்ற ஓசையும் இளஞ்சிவப்பு நுரையும். இரண்டுமே சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் ஆகிய மருந்துகள், ஆக்சிஜன் உருளை எல்லாம் நேரம் வாங்கித் தருபவைதான். உடனடியாகக் கீழே இறக்குவதே வைத்தியம். விடியற்காலை நான்கு மணிக்கு அந்தச் சரிவில் எல்லோருமே தள்ளாடுவார்கள், எல்லோருமே மௌனமாக இருப்பார்கள் என்பதுதான் சிக்கல். களைப்பில் தள்ளாடுகிறவர் யார், மூளை வீங்கித் தள்ளாடுகிறவர் யார் என்று இருட்டில் பிரித்தறிய, முந்தைய மாலை நீங்கள் சொன்ன பதிலைத் தவிர வழிகாட்டியிடம் அதிகம் இல்லை. அனுபவமுள்ளவர்கள் நடக்கும்போதே வீட்டைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கேட்டுக்கொண்டு வருவது வெறும் பேச்சுத் துணைக்காக அல்ல. பதில் கோர்வையாக வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஒற்றைச் சொல்லில் முடிக்காமல் முழு வாக்கியமாகப் பதில் சொல்லுங்கள்.

மறைப்பது தன் உயிரோடு மட்டும் விளையாடும் செயல் என்று ஒருவர் நினைக்கலாம். எட்டுப் பேர் குழுவுக்கு நான்கு வழிகாட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, 4,900 மீட்டரில் ஒருவர் முடியவில்லை என்று சொன்னால், ஒரு வழிகாட்டி அவரை அழைத்துக்கொண்டு இறங்குவார். சீக்கிரமே கூடாரத்துக்குப் போய்விடலாம். அவர் தன் காலால் நடந்து போவார். மற்ற ஏழு பேருக்கு மூன்று வழிகாட்டிகள் மிஞ்சுவார்கள். அதே மனிதர் வாய் திறக்காமல் ஏறி, ஐந்து மணிக்கு 5,600 மீட்டரில் சுருண்டு விழுந்தால், அவரைத் தாங்கி இறக்க இருவராவது வேண்டும். மிச்சமிருப்பவர்களுக்கு இரண்டே வழிகாட்டிகள். அதற்கு மேல் இன்னொருவருக்கு முடியாமல் போனால் குழு முழுவதும் திரும்ப வேண்டியதுதான். கூச்சப்பட்டு மறைத்தவர், எதற்கு அஞ்சினாரோ அதையே குழுவுக்குச் செய்துவிடுகிறார்.

திரும்புவது தோல்வி என்ற எண்ணம் இந்த மலையின் சொந்த வரலாற்றுக்கே ஒவ்வாது. முதலில் உச்சியைத் தொட்டவர்களாகப் பதிவாகியிருப்பவர்கள் ஜெர்மானியரான ஹான்ஸ் மெயரும் ஆஸ்திரிய மலையேறி லுட்விக் புர்ட்ஷெல்லரும். மெயர் 1887இல் வந்து பனியைக் கடக்கத் தேவையான கருவிகள் இல்லாமல் திரும்பினார். 1888இல் கடற்கரையில் நடந்த கிளர்ச்சியில் சிறைப்பட்டு, பணம் கொடுத்து மீண்டார். மலையை நெருங்கவே இல்லை. 1889 அக்டோபர் 3 அன்று இருவரும் பனியில் படி வெட்டி வெட்டி எரிமலை வாயின் விளிம்பை எட்டினார்கள். உண்மையான உச்சி இன்னும் தெற்கே, இன்னும் உயரத்தில் இருப்பது அங்கே நின்றபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. களைத்திருந்தார்கள். பொழுதும் போய்க்கொண்டிருந்தது. திரும்பி இறங்கினார்கள். ஓய்வெடுத்து, உயரத்தில் ஒரு குகையில் இரவு தங்கி, அக்டோபர் 6 அன்று உச்சியில் நின்றார்கள். விளிம்பிலிருந்து திரும்பிய அந்த மூன்றாம் தேதி இல்லாவிட்டால் ஆறாம் தேதி இருந்திருக்காது.

எவரெஸ்ட் வேறு உயரம், வேறு ஆபத்து. இருந்தாலும் 1996 மே 10இல் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மனம் எல்லா மலையிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹாலின் குழுவில் இருந்த டக் ஹான்சன், முந்தைய ஆண்டு உச்சிக்கு மிக அருகிலிருந்து ஹாலால் திருப்பி அனுப்பப்பட்டவர். பிற்பகல் இரண்டைத் தாண்டி ஏறக் கூடாது என்பது அங்கே பொதுவான கணக்கு. அந்த முறை ஹான்சன் உச்சியைத் தொட்டபோது மணி நான்கு கடந்துவிட்டது. இறங்கும் வழியில் சக்தி தீர்ந்தது, புயல் வந்தது. அவரை விட்டு இறங்க மறுத்த ஹாலும் திரும்பவில்லை. அந்தப் புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். அதே குழுவில் ஸ்டூவர்ட் ஹட்சிசன், லூ காசிஷ்கே, ஜான் டாஸ்க் என்ற மூவர் காலை பதினொன்றரை மணியளவில், முன்னே வரிசை நகராததைப் பார்த்து, நேரம் போதாது என்று கணக்குப் போட்டுத் திரும்பினார்கள். மூவரும் உயிரோடு வீடு போனார்கள்.

கிளிமஞ்சாரோவிலும் ஒரு திரும்பும் நேரம் வேண்டும். அதை மேலே போய் முடிவு செய்ய முடியாது. ஆக்சிஜன் குறைந்த மூளை தனக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொல்லும். கீழே இருக்கும்போதே, வழிகாட்டியோடு உட்கார்ந்து, இத்தனை மணிக்குள் விளிம்பை எட்டாவிட்டால் இறங்குகிறோம் என்று பேசி வையுங்கள். விளிம்பில் ஸ்டெல்லா முனை 5,756 மீட்டர். மராங்கு வழியில் வந்தால் கில்மன் முனை, ஏறத்தாழ 5,685. அங்கே கிழக்கில் மவென்சி சிகரத்தின் பின்னாலிருந்து சூரியன் எழும்போது பலர் அழுதுவிடுகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலையின் மிக உயர்ந்த இடமான உஹுரு உச்சி ஸ்டெல்லாவிலிருந்து 139 மீட்டர் உயரத்தில், சாய்வான பாதையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். விளிம்பு வரை வந்தவர்களுக்கும் பூங்கா சான்றிதழ் கொடுக்கிறது.

உச்சி என்பது அந்த நாளின் நடுப்பகுதி மட்டுமே. அங்கிருந்து பராஃபுவுக்கு இறங்கச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். சிறிது ஓய்வு, சாப்பாடு, பிறகு மறுபடியும் இறக்கம், ஏறத்தாழ 3,100 மீட்டரில் உள்ள ம்வெகா முகாம் வரை. ஒரே நாளில் 2,800 மீட்டர் இறக்கம், தூங்காத உடம்போடு. முழங்கால் நடுங்கும், இளகிய சரளையில் பாதம் புதையும். ஏறும்போது இருந்த கவனம் இறங்கும்போது இருப்பதில்லை. உச்சியில் நிற்கும்போது உங்கள் சக்தியில் கணிசமான பங்கு மிச்சம் இருக்க வேண்டும். அங்கேயே எல்லாம் தீர்ந்துவிட்டால் இனி உங்களை இறக்குவது மற்றவர் தோள்தான்.

அந்தத் தோள்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சுமைத் தொழிலாளிகள் சுமக்கும் எடைக்கு 20 கிலோ வரம்பு இருக்கிறது. வாசலில் எடை போட்டுப் பார்க்கிறார்கள். நியாயமான கூலி, சாப்பாடு, கூடாரம் அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று கண்காணிக்கும் கிளிமஞ்சாரோ சுமைத் தொழிலாளர் உதவித் திட்டம் 2003இலிருந்து இயங்குகிறது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதனோடு இணைந்ததா என்று கேளுங்கள். கூலிக்கு மேல் நீங்கள் தரும் அன்பளிப்புத் தொகை அவர்கள் வருமானத்தில் பெரிய பங்கு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதில்தான் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. வாடிக்கையாளரைத் திருப்பி அழைத்து வந்தால் அன்பளிப்பு குறையும், இணையத்தில் மதிப்பெண் குறையும், அடுத்த பருவத்தில் வேலை குறையும் என்ற பயம் ஒரு வழிகாட்டிக்கு இருந்தால், அதிகாலை மூன்று மணிக்கு அவர் வாயில் ‘இறங்கு’ என்ற சொல் எளிதில் வராது. அவரும் மறைக்கத் தொடங்குவார். நீங்கள் உடம்பை மறைக்க, அவர் சந்தேகத்தை மறைக்க, இருவரும் சேர்ந்து ஏறிக்கொண்டிருப்பீர்கள்.

அதை உங்களால் மாற்ற முடியும். மலையடிவாரத்தில் முதல் நாள் பையைக் கட்டும்போதே தலைமை வழிகாட்டியிடம் குழு முழுவதும் சேர்ந்து சொல்லுங்கள்: எங்களில் யாரை எப்போது இறங்கச் சொன்னாலும் இறங்குவோம், உச்சி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்கள் அன்பளிப்பில் ஒரு ஷில்லிங்கூடக் குறையாது. தொகையையும் அப்போதே பேசிவிடுங்கள். பராஃபுவில் அந்த மாலை, லேக் லூயிஸ் முறையின் நான்கு கேள்விகளுக்கும் ஒருவர் காது கேட்க மற்றவர் பதில் சொல்லுங்கள். குழுத் தலைவராக இருப்பவர் முதலில் சொல்லட்டும், தன் தலைவலியையும் சேர்த்து. அவர் சொன்னால் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். திரும்பி வந்த பிறகு, உங்களை இறக்கிக் கொண்டுவந்த வழிகாட்டியின் பெயரைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள், இறக்கியதற்காகவே எழுதுங்கள். உச்சிப் படத்தோடு வருபவர்கள் எழுதும் கடிதங்கள் அவர்களுக்கு நிறைய வருகின்றன. இது அதிகம் வருவதில்லை.